முந்நூற்றுப் பன்னிரண்டு அடி

பூலோகத்துக்கு முதுகு வலித்தது. இடுப்புக்கு மேலே நாலு விரற்கடை தள்ளி, எப்போதும் ஒரே இடத்தில். உப்புப் போட்ட எருமைத் தோல் ஒன்று ஈரத்தோடு முப்பது கிலோ இருக்கும். அதை லாரியிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து சுண்ணாம்புக் குழிக்கும் நாளைக்கு எழுபது தடவை மாற்றுகிறவனுக்கு அந்த இடத்தில்தான் வலிக்கும். மாட்டுங்காவில் அவன் ஞாயிறுதோறும் உட்கார்ந்த வகுப்பறை பெஞ்சுக்கு முதுகுச் சாய்மானம் வேறு கிடையாது.

"என்ன பூலோகம், மறுபடியும் லோகம் பூராவையும் தூக்கிண்டு வந்துட்டீரா?" என்றார் வெங்கடராமன் சார்.

பூலோகம் எழுந்து நின்றான். வலிக்கு அது கொஞ்சம் தேவலை.

சார் முப்பது வருஷம் கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எம்.ஏ. முடித்துவிட்டு டாக்டர் பட்டத்துக்குச் சேர நினைப்பவர்களுக்கு ஆராய்ச்சித் திட்டம் எழுதப் பயிற்சி கொடுக்க, மாட்டுங்கா டிரஸ்ட் ஒன்று அவரை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார வைத்திருந்தது. அது 1964. பன்னிரண்டு பேர் வந்தார்கள். பதினோரு பேர் மாட்டுங்கா, செம்பூர் ஆட்கள். பாங்கு, ரயில்வே, இன்ஷூரன்ஸ். பன்னிரண்டாவது ஆள், தாராவியில் ஷாப் என்று சொல்கிற தோல் பதனிடும் பட்டறையிலிருந்து வந்த பூலோகம். எட்டு வருஷம் நைட் காலேஜில் படித்து எம்.ஏ. வாங்கியவன்.

பயிற்சி முடிந்ததும் சார் ஒருவருடைய திட்டத்தைச் சிபாரிசு செய்வார். அந்த ஒருவருக்கு டிரஸ்ட் மூன்று வருஷம் உதவித்தொகை கொடுக்கும். பூலோகம் அதை ரூபாயில் கணக்குப் பார்க்கவில்லை. மூன்று வருஷத்தில் அறுபத்து மூவாயிரம் தோலைத் தூக்காமல் இருக்கலாம் என்று கணக்குப் பார்த்தான்.

அவனுடைய முதல் தலைப்பு 'தாராவி மக்களின் வாழ்க்கை'.

"தாராவியில எத்தனை பேர் இருக்கா?" என்று கேட்டார் சார்.

"யாரும் எண்ணல சார்."

"எண்ணாதவாளோட வாழ்க்கையை நீர் எப்படி எழுதுவீர்? சுருக்கும்."

அடுத்த வாரம் 'தாராவித் தோல் தொழிலாளர்களின் வாழ்க்கை' என்று சுருக்கினான்.

"வாழ்க்கைன்னா? பொறந்ததுலேர்ந்தா? இன்னும் சுருக்கும்."

அதற்கடுத்த வாரம் 'தோல் தொழிலாளர்களின் முதுகுவலி'.

"முதுகுவலிக்கு நீர் என்ன டாக்டரா?"

"ஆகத்தானே சார் வந்திருக்கேன்."

பதினோரு பேரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உமக்கு நன்னாத் தெரிஞ்ச ஒரு பிரச்சினையைச் சொல்லும். ஒண்ணே ஒண்ணு."

பூலோகம் யோசித்தான். "எங்க சந்துல குழாய் இல்ல சார்."

"இதை ஏன்யா இத்தனை வாரமாச் சொல்லலை?"

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்."

"எங்கேயாவது எழுதியிருக்கோ?"

"இல்ல."

"அதுதான்யா ஆராய்ச்சி! உம்ம சந்து, உம்ம குழாய். பக்கத்துக் குழாய் எத்தனை தூரம்னு அளந்துண்டு வாரும்."

தாராவியில் பூலோகம் இருந்த இடத்துக்குச் சுண்ணாம்புச் சந்து என்று பெயர். நாற்பத்தொரு குடிசை. மிக அருகிலிருந்த குழாய் மாஹிம் பக்கத்துச் சாலையில் சால் எனும் வரிசை வீட்டுக் கட்டடம் ஒன்றுக்கு முன்னால் இருந்தது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். பூலோகத்திடம் அளக்கிற நாடா இல்லை. வேலை விட்டு வந்ததும் வீட்டு வாசலிலிருந்து குழாய்வரை அடி எண்ணி நடந்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"குடத்தோடயா, குடமில்லாமலா?" என்றார் சார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

"வெறுங்கையோடதான் சார்."

"தண்ணி தூக்கறவா வெறுங்கையோடயா திரும்பி வருவா? நிறைகுடத்தோட எண்ணிண்டு வாரும்."

பூலோகம் வீட்டுக் குடத்தை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணியபடி நடந்தான். சந்தின் முதல் குடிசைக்காரி ஆறுமுகத்தாய் வழியை மறித்தாள். குழாய் வரிசையில் யார் குடத்துக்குப் பின்னால் யார் குடம் என்பதை அவள்தான் தீர்மானிப்பாள். ரத்த உறவு யாருக்கும் இல்லை, ஆனால் சந்துக்கே அத்தை.

"ஏலே, வாய்க்குள்ள என்ன முணுமுணுக்க? நேத்திக்கடனா?"

பூலோகம் பதில் சொல்லவில்லை. சொன்னால் எண்ணிக்கை போய்விடும். வீட்டு வாசலில் குடத்தை இறக்கிவிட்டு, "முந்நூத்தி எம்பத்தெட்டு," என்றான்.

"என்னது?"

"அடிதான் அத்தே. எண்ணினேன்."

ஆறுமுகத்தாய் மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "பாவம்ட்டீ. சுண்ணாம்புத் தண்ணி மண்டைக்கு ஏறிட்டு."

மறுநாள் அவன் சரிபார்ப்பதற்காக இன்னொரு தடவை எண்ணக் கிளம்பியபோது வாசலில் ஐந்து குடங்கள் இருந்தன.

"நீ சும்மாதான நடக்க?" என்றாள் ஆறுமுகத்தாய். "இதையும் ரொப்பிக்கிட்டு வா. எண்ணுனாப்லயும் இருக்கும்."

முதுகுவலி நாலு விரற்கடை மேலே ஏறியது.

தூரம் முடிந்தது. "இனிமே முன்னோட்டம்," என்றார் சார். "இருபது பேரைப் பார்த்துக் கேள்வி கேட்டு எழுதிண்டு வாரும். அப்பத்தான் திட்டத்துக்குப் பலம்."

பூலோகம் நோட்டுப் புத்தகத்தோடு ஆறுமுகத்தாயிடமிருந்து ஆரம்பித்தான். "ஒரு நாளைக்குத் தண்ணிக்காக எத்தன மணி நேரம் நிக்கிய அத்தே?"

"நாலு மணி நேரம்னு எழுது."

"மூணு மணி நேரந்தான தண்ணியே வருது?"

"அப்ப ஆறுன்னு போடு. கூடப் போட்டாத்தான் தருவான்."

"யாரு?"

"நீ யாருக்கு எழுதுதியோ அவன்."

"இது மனு இல்ல அத்தே. ஆராய்ச்சி."

"எதுவா இருந்தா என்னல. ஆறுன்னு போடு."

அவள் போய் மற்றவர்களிடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும். இருபது பேரும் ஆறு மணி நேரம் என்றார்கள். குடிசையை விட்டு இறங்கவே முடியாத ஒரு கிழவரும் ஆறு மணி நேரம் நிற்பதாகச் சொன்னார்.

சார் தாள்களைப் புரட்டினார். "இருபது பேருக்கும் ஆறு மணி நேரமா? நீர் ஆத்துல உக்காந்துண்டு எழுதினீரா?"

"சத்தியமாக் கேட்டுத்தான் எழுதினேன் சார்."

"ஆராய்ச்சியில சத்தியமெல்லாம் கிடையாது. ஒவ்வொருத்தர்கிட்டேயும் கையெழுத்து வாங்கும். கையெழுத்துத் தெரியாதவாகிட்ட ரேகை."

கையெழுத்துத் தெரிந்தவர்கள் சந்தில் மூன்று பேர். பூலோகம் ஷாப்பில் தோலுக்கு முத்திரை குத்துகிற மையைக் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்து வந்தான். எருமைத் தோலில் போகாத மை மனிதத் தோலிலும் போகவில்லை. ஒரே சாயங்காலத்தில் இருபது பேருக்குக் கட்டைவிரல் கறுத்தது. கறுத்த விரலைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மை வைத்து ரேகை வாங்கினால் அது மனுதான். குழாய் வரப்போகிறது. ரேகை வைக்காத வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது.

மறுநாள் அவன் வீட்டு முன்னால் வரிசை நின்றது.

"எனக்கு இருபது போதும்," என்றான் பூலோகம்.

"ஒனக்குப் போதும். எங்களுக்கு?" என்றார்கள்.

பக்கத்துச் சந்திலிருந்து பேகம் நாலு மருமகள்களோடு வந்தாள். "பையா, ஹமாரா பி அங்கூட்டா லே லோ," என்றபடி அவன் கேட்காமலே கட்டைவிரலை மையில் முக்கித் தாளில் அழுத்தினாள். மருமகள்களின் விரல்களையும் அவளே பிடித்து அழுத்தினாள். மொத்தம் அறுபத்து மூன்று ரேகை ஆயிற்று.

அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "குழாய் என்னைக்கு வருது?"

பூலோகம் சாரிடம் போய் நிலைமையைச் சொன்னான்.

"தப்பு பண்ணிட்டீர்," என்றார் சார். "ஆராய்ச்சி பண்றவன் ஆசை காட்டப்படாது. இதனால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாதுன்னு எல்லாரையும் வெச்சுண்டு தெளிவாச் சொல்லிடும்."

மறுநாள் காலை குழாய் வரிசையில் முப்பது குடத்துக்கு முன்னால் நின்று பூலோகம் தெளிவாகச் சொன்னான். "இதுனால உங்க யாருக்கும் ஒண்ணும் கெடைக்காது. இது என் படிப்புக்கு."

ஆறுமுகத்தாய் தன் குடத்தைக் கீழே இறக்கினாள்.

"ஒண்ணும் கெடைக்காதுன்னா எதுக்குல எங்க பெருவிரலு?" என்றாள் ஆறுமுகத்தாய்.

பதிலையும் அவளே கண்டுபிடித்தாள். "சேட்டு இந்த எடத்தக் கேட்டுக்கிட்டு இருக்கான்லா? அவனுக்கு எழுதிக் குடுத்திட்டான். அறுவத்தி மூணு பேரும் காலி பண்ணுதோம்னு எழுதியிருக்கான். இங்கிலீசுல."

சேட்டு என்றால் தோல் ஷாப் முதலாளி. பூலோகத்துக்குச் சம்பளம் கொடுக்கிறவர். ஆகவே எல்லாரும் நம்பினார்கள்.

அன்று சாயங்காலம் அவன் மனைவி தங்கமயிலின் குடம் வரிசையின் கடைசிக்குப் போனது. அவள் முறை வரும்போது குழாய் நின்றிருந்தது. அடுத்த நாளும் அப்படியே.

காலிக் குடத்தை அவன் முன்னால் வைத்தாள் தங்கமயில். "உம்ம ஆராய்ச்சியில ஒரு கொடம் தண்ணி வருமா, வராதா?"

"வராது. அதைத்தான எல்லாத்துகிட்டயும் சொன்னேன்."

"அதைச் சொல்லுததுக்கு எட்டு வருசமாப் படிச்சீரு?"

நாலு நாள் குளிக்கவில்லை. தோல் ஷாப்பில் வேலை செய்கிறவன் நாலு நாள் குளிக்காமல் இருந்தால் அதை அவன் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் அவனுக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடைத்தது.

"பூலோகம்," என்றார் சார், "இன்னிக்கு நீர் ஜன்னலோரமா உக்காரும். காத்து வரும். எங்களுக்கு."

அன்றே பூலோகம் ஒரு முடிவுக்கு வந்தான். மனு என்று நினைத்துவிட்டார்கள், மனுவாகவே ஆக்கிவிடலாம். முனிசிபாலிட்டிக்கு இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதினான். முந்நூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்று எண்பத்தெட்டு, ஆறு மணி நேரம் எல்லாவற்றையும் கட்டம் போட்டுச் சேர்த்தான். அறுபத்து மூன்று ரேகைக்கும் இன்னொரு பிரதி வாங்கி இணைத்தான். மனு என்றால் வருஷக் கணக்கில் கிடக்கும், அதற்குள் பட்டம் வாங்கிவிடலாம் என்பது அவன் கணக்கு.

பகலில் அவனுக்கு லீவு கிடைக்காது. அதனால் அடுத்த குடிசை சுயம்புவிடம் கவரைக் கொடுத்தான். சுயம்புவும் அதே ஷாப்தான், சாயங்கால ஷிப்ட். பகலில் சும்மா இருப்பான்.

"வார்டு ஆபீசுல குடுத்து, சீல் போட்டு வாங்கிட்டு வா."

"நான் பாத்துக்கிடுதேன்ல," என்றான் சுயம்பு.

மனு போய்விட்டது என்று தெரிந்ததும் தங்கமயிலின் குடம் பழைய இடத்துக்கு வந்தது. பூலோகம் குளித்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தான்.

பன்னிரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை விட்டு வந்தபோது சந்தில் கூட்டம் நின்றது. ஆறுமுகத்தாய் குடிசையின் பின்சுவரை ஒட்டி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், புதுப் பித்தளைக் குழாய். தண்ணீர் கட்டைவிரல் பருமனுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆறுமுகத்தாய் முதல் குடத்தைத் தன் கையாலேயே தூக்கிவந்து பூலோகம் வீட்டு வாசலில் வைத்தாள். "அறிவு கெட்ட சிறுக்கி, நான் என்னென்னமோ சொல்லிட்டேன். நீதாம்ல இந்தச் சந்துல ஆம்பள."

தங்கமயில் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அப்படிப் பார்த்திருக்கிறாள்.

பூலோகம் சுயம்புவைத் தனியே இழுத்தான். "பன்னெண்டே நாள்ல எப்பிடில? ஆபீசுல என்ன சொன்னாவ?"

"தண்ணி வருதா?"

"வருது."

"குடி. கேள்வி கேக்காத."

பூலோகம் குடித்தான். தண்ணீர் நன்றாகவே இருந்தது. ராத்திரி படுத்து முதுகை நீட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவனுடைய திட்டத்தின் முதல் வரி: சுண்ணாம்புச் சந்தில் குழாய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சார் அந்த வரியை வகுப்பில் உரக்கப் படித்தார். "கேட்டேளா? எல்லாரும் ரெண்டு பக்கம் முன்னுரை எழுதியிருக்கேள். இவர் ஒரே வரியில பிரச்சினைக்கு வந்துட்டார். நான் சிபாரிசு பண்ணத் தயார். ஆனா அதுக்கு முன்னாடி களத்தை நேர்ல பாக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்."

பூலோகம் மெதுவாக எழுந்தான். "சார், ஒரு சந்தேகம். திட்டம் எழுதி முடிச்சப்புறம் பிரச்சினை தீந்துபோயிட்டா?"

"எந்தப் பிரச்சினை?"

"பொதுவாக் கேக்கேன் சார்."

"தீந்துபோன பிரச்சினைக்கு எந்த டிரஸ்ட் மூணு வருஷம் பணம் கொடுக்கும்? வேற பிரச்சினையைத் தேடிண்டு அடுத்த வருஷம் வரவேண்டியதுதான்."

அடுத்த வருஷம் என்றால் இன்னும் இருபத்தோராயிரம் தோல்.

பஸ்ஸில் வரும்போது பூலோகம் பலவிதமாக யோசித்தான். சாரை வேறு சந்துக்குக் கூட்டிப் போகலாம். ஆனால் அவன் வழி போட்டுக் கொடுத்த வரைபடம் சாரிடம் இருக்கிறது. உண்மையைச் சொல்லலாம். முதுகு வேண்டாம் என்றது. கடைசியில் ஆறுமுகத்தாய் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தான்.

"அத்தே, ஒரு தப்பு நடந்துபோச்சி."

அவள் முழுவதையும் கேட்டாள். அவன் எதிர்பார்த்த மாதிரி கோபப்படவில்லை.

"ஒங்க வாத்தியாரு வேட்டியா, கால்சட்டையா?"

"கால்சட்டை. கோட்டு போட்டிருப்பாரு."

"கையில பைலு இருக்குமா?"

"இருக்கும்."

"சரி, போ. குழாய் இருக்காது."

"அத்தே, இத்தன பேரும் எனக்காக..."

"போயிப் படில," என்றாள் அவள்.

பூலோகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தாராவி மக்களின் வாழ்க்கை என்று முதலில் வைத்த தலைப்பே சரி என்று பட்டது.

சார் பத்து மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினார். கோட்டு, குடை, பைல். சந்துமுனையில் குந்தியிருந்த சுயம்பு அவரைப் பார்த்ததும் இரண்டு தடவை இருமினான். உள்ளே எங்கேயோ ஒரு தகர மூடி கீழே விழுந்தது. பூலோகம் சாரைக் கூட்டிக்கொண்டு சந்துக்குள் திரும்பியபோது குழாய் இருந்த இடத்தில் காய்ந்த தோல் இரண்டரை அடி உயரத்துக்கு அடுக்கியிருந்தது. மேலே சாக்கு. பக்கத்தில் ஒரு ஆடு கட்டியிருந்தது. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. வருஷக் கணக்காக இதுவே வேலையாக இருந்தவர்கள்கூட இத்தனை வேகமாகச் செய்திருக்க முடியாது. என் மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்துக்கொண்டான் பூலோகம்.

சார் முதலில் தூரத்தைச் சரிபார்த்தார். சாலைக் குழாய்வரை தானே எண்ணி நடந்து திரும்பினார்.

"முந்நூத்தி நாப்பத்தேழு வரதே?"

"எனக்குக் கால் நீளம் சார்."

"அடிக்குறிப்புல போட்டுடும்."

பிறகு ஆறுமுகத்தாயிடம் போனார். "குடிக்கத் தண்ணிக்கு என்னம்மா பண்றேள்?"

"தண்ணியா?" ஆறுமுகத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அதைக் கண்ணால பாத்து எத்தன நாளாச்சி சாமி."

"குளிக்க?"

"மழைக்காலத்துல."

சார் வேகமாக எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கொடியில் துணி சொட்டிக்கொண்டிருந்தது. குழாய் வந்த சந்தோஷத்தில் அந்த வாரம் எல்லாரும் எல்லாவற்றையும் துவைத்திருந்தார்கள்.

"துணியெல்லாம் ஈரமா இருக்கே?"

பூலோகம் கண்ணை மூடிக்கொண்டான்.

"வேர்வை சாமி," என்றாள் ஆறுமுகத்தாய். "எல்லாம் ஒழைக்கிற சனம்."

சார் ஒரு கணம் பேனாவை நிறுத்தினார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

மே மாத வெயில். கோட்டு வேறு. சாருக்குத் தலை சுற்றியது. "கொஞ்சம் உக்காரணும்," என்று சொல்லிக்கொண்டே, யாரும் தடுப்பதற்குள் தோல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். அடியில் குழாய் திருகித் திறந்துகொண்டது. சாருடைய முகம் மெல்ல மாறியது. எழுந்தார். கால்சட்டையின் பின்பக்கம் முழங்கால்வரை நனைந்திருந்தது.

"என்னய்யா இது?"

"ஊறுன தோலு சாமி. தண்ணி விடும்," என்றாள் ஆறுமுகத்தாய்.

"எருமையா?"

"எருமையும் உண்டு."

சார் இரண்டு கையையும் உடம்பில் படாமல் விரித்துக்கொண்டு நின்றார். "அலம்பணும். ஒரு சொம்பு ஜலம் கொடுங்கோ."

அவருடைய செருப்புக்கு அடியில் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணிக்கு எங்க போவோம் சாமி," என்றாள் ஆறுமுகத்தாய்.

சார் முந்நூற்று நாற்பத்தேழு அடி நடந்து சாலைக் குழாய்க்குப் போனார். பத்தரை மணிக்கு அது நின்றிருந்தது. மாட்டுங்காவரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். உட்காரச் சொன்ன கண்டக்டரிடம் வேண்டாம் என்றார்.

அந்த வாரம் முழுக்க பூலோகம் எல்லாம் முடிந்துபோனது என்றே நினைத்திருந்தான். தோல் தூக்கும்போதெல்லாம் அறுபத்து மூவாயிரத்தைச் சொல்லிக்கொண்டே தூக்கினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் வகுப்புக்குள் நுழைந்ததும் உட்காரவில்லை.

"இந்த வருஷம் சிபாரிசு பூலோகத்துக்கு," என்றார். "களம்னா என்னன்னு முப்பது வருஷமா நான் சொல்லிக்கொடுத்துண்டு இருந்தேன். போன வாரம்தான் தெரிஞ்சுண்டேன். ஒரு சொம்பு ஜலம் இல்லை அங்கே. அடுத்த மாசத்துலேர்ந்து உதவித்தொகை. ஷாப்புக்கு நோட்டீஸ் கொடுத்துடும்."

பதினோரு பேரும் கை தட்டினார்கள். பூலோகத்துக்கு முதுகுகூட அந்த நேரத்தில் வலிக்கவில்லை.

"இன்னொண்ணு," என்றார் சார். "மனசு கேக்கலை எனக்கு. உம்ம திட்டத்துல ஒரு பிரதி, வழி போட்ட வரைபடம், அந்த அறுபத்து மூணு ரேகை, எல்லாத்தையும் எடுத்துண்டு போய் முனிசிபாலிட்டி பெரிய இன்ஜினியர்கிட்ட நேர்லயே கொடுத்துட்டேன். என் பழைய மாணாக்கன். புதன்கிழமை ஆட்களோட அவனே வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கான்."

பூலோகம் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டான். குழாய் இல்லை என்று பார்க்க வருகிறவர்கள் தாங்களே வைத்த குழாயைப் பார்க்கப் போகிறார்கள். ஆபீசில் எவனாவது திட்டு வாங்குவான். சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்து ஆகிவிட்டது, அதனால் தனக்கு ஒன்றுமில்லை. தாராவி பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தான்.

சந்தில் சுயம்பு குழாயடியில் உட்கார்ந்து தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கெடைச்சிட்டுல!" என்றான் பூலோகம். "நீங்க எல்லாரும் எனக்காகக் குழாய மறைச்சதுக்குச் சாவுற வரைக்கும் நன்றி மறக்க மாட்டேன். இன்னொரு கூத்தக் கேளு. புதங்கிழம முனிசிபாலிட்டிக்காரன் வாரான். அவன் வச்ச குழாய அவனே வந்து..."

சொல்லி முடிக்க முடியாமல் சிரித்தான். சுயம்பு சிரிக்கவில்லை. கண்ணில் சோப்பு இறங்குவதைக்கூடத் துடைக்காமல் குழாயை மூடினான்.

"ஒம் மனு எம் பெட்டியிலதாம்ல கெடக்கு, குடுத்தா சந்த அளக்க வந்திருவானுவன்னு அத்தை விடல," என்றான். "இது நம்ம சேட்டு ஷாப்புக்குப் போற பைப்புல ஓட்டை போட்டு எடுத்த திருட்டுக் குழாய், புதங்கிழம வெட்டிருவானுவ, ஒன் ஆராய்ச்சி பொழச்சிட்டு, ஆனா இதை மாட்டிவிட்ட பிளம்பரு பூதத்தானுக்குக் கூலியா ஒன்னத்தான் சொல்லியிருக்கு, அவன் மச்சினன் மெட்ரிக் பாசாகுத வரைக்கும் தெனமும் இங்கிலீசு டியூசன், அதுல நீ போவாத பத்தொம்பது நாளு இன்னையோட பாக்கி நிக்கி."